ஜெபக்குறிப்பில் ஏறிய அண்ணன் தம்பி சண்டை

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து:

எங்கள் பக்கம் வீட்டுச் சண்டை வெளியே போவதற்குப் புறம்பேசுகிறவர்களே தேவையில்லை, ஜெபக்குறிப்பு போதும். “இன்னார் குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்க, அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசுறதில்ல, தண்ணி ஓஸ் தகராறு” என்று வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் யாராவது கண் கலங்கச் சொல்வார்கள். மறுநாளே அது மன்னவனூரிலும் தெரியும், வடுகபட்டி பூண்டு கமிஷன் கடையிலும் தெரியும்.

நான் சொல்வது என் மாமா மகன்கள் இருவரைப் பற்றி. ஓடையிலிருந்து இரண்டு பேர் காட்டுக்கும் (விளைநிலத்துக்கும்) தண்ணீர் கொண்டுவர ஒரே ஓஸ் குழாய். மேலே இருக்கும் அண்ணன் தன் பாத்திகள் நனையும்வரை கீழே விடமாட்டார். தம்பியின் பூண்டுப் பயிர் நுனி கருகிவிட்டது. ஒருநாள் ராத்திரி ஓஸை யாரோ அறுத்துவிட்டார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அப்புறம் சபையே இவர்களுக்காக ஜெபித்தது. ஜெபிக்க ஜெபிக்க இரண்டு பேருக்கும் அவமானம் கூடிக்கொண்டே போனது. ஆராதனைக்குக்கூட ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்.

நாங்கள் தாத்தா என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற உபதேசியார் (சபை ஊழியர்) ஒருவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். நானும் அங்கே இருந்தேன். அடுப்புக்கு மேலே கட்டுக்கட்டாகப் பூண்டு புகையில் தொங்கிக்கொண்டிருந்தது. தாத்தா வேதப்புத்தகத்தைத் திறக்கவேயில்லை. காபியைக் குடித்துவிட்டு, “தம்பிகிட்ட நேர்ல சொன்னியாப்பா?” என்றார்.

“சபைக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா தாத்தா?”

“சபையைப் பத்தி நான் கேக்கலையே.”

மத்தேயு 18:15 முதல் 17 வரை வாசித்துப் பாருங்கள். முதலில் நீயும் அவனும் மட்டும். கேட்காவிட்டால் ஒன்று இரண்டு பேரைக் கூட்டிப் போ. அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. நாம் மூன்றாம் படியில் ஆரம்பித்துவிட்டு, ஏன் ஒப்புரவாகவில்லை என்று உபவாசம் இருக்கிறோம்.

அண்ணன் தனியாகப் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இப்போது ஓஸில் இரண்டாகப் பிரிக்கிற ‘டீ’ இணைப்பு ஒன்று போட்டு இரண்டு பக்கமும் கேட்வால்வு வைத்திருக்கிறார்கள். காலையில் மேல் காடு, மதியத்துக்குமேல் கீழ்க் காடு. கிறிஸ்துமஸுக்கு இன்னும் தனித்தனிச் சமையல்தான், ஆனால் பிள்ளைகள் பலகாரத் தட்டோடு போய்வருகிறார்கள். வீட்டு ஜெபத்திலும் இனி பெயர் மட்டும் போதும், விஷயம் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஓர் அத்தைக்குத்தான் இதில் வருத்தம். “என்னன்னு தெரியாம எப்படிப்பா பாரத்தோட ஜெபிக்கிறது?” என்கிறார்.

குன்னூரிலிருந்து:

அந்த அத்தை எங்கள் சபையிலும் இருக்கிறார் அண்ணா!

நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கிறேன். சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அக்கா, இலை விலை விழுந்து கடன் ஏறிய சமயத்தில், “போதும், கர்த்தர் என்னை எடுத்துக்கிட்டா நல்லாருக்கும்” என்று சொல்ல ஆரம்பித்தார். வந்தவர்கள் எல்லாரும் விசுவாசக் குறைவு என்று வசனம் சொல்லிவிட்டுப் போனார்கள். எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து இதே வார்த்தையைத்தான் சொன்னார் (1 இராஜாக்கள் 19). தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். “இங்கே உனக்கு என்ன காரியம்” என்ற கேள்வி, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது.

அதனால் நாங்கள் முதலில் சோறு கொண்டுபோனோம். இரண்டு பேர் முறைவைத்து ராத்திரி துணைக்குப் படுத்தோம். பிறகு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை சாப்பிடுகிறார், ஆலயத்துக்கும் வருகிறார். இரண்டுக்கும் சண்டையில்லை. இப்படிப் பேசுகிற யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கோத்தகிரியிலிருந்து:

மேல்மலை அண்ணன் சொன்னது அண்ணன் தம்பிக்குச் சரி. அடிக்கிற புருஷனிடம் “நீயும் அவனும் தனித்திருக்கையில்” என்று ஒரு பெண்ணை அனுப்பிவிடாதீர்கள். எங்கள் தேயிலைத் தோட்ட லயன் (வரிசை) வீடுகளில் நடுச்சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டில் அடி விழுவது நன்றாகவே கேட்கும். அப்படி அடி வாங்கிய ஒரு தங்கச்சிக்கு, மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22ஐ எல்லாரும் சொன்னார்கள். மனைவியைச் சொந்தச் சரீரமாகப் பாவித்து அன்புகூர வேண்டும் என்கிற 28ஆம் வசனத்தை அவள் புருஷனிடம் சொல்ல ஒரு ஆளைக் காணோம்.

எங்கள் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, வேறு மாதிரி. தங்கச்சியையும் குழந்தையையும் தன் வீட்டில் தங்கவைத்துவிட்டு, பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் போட்டார். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் உண்டு, அவரிடம் மனு கொடுக்கக் கூடவே ஊட்டிக்கும் போனார். ஐயர் தனியாக அந்தப் புருஷனைப் பார்த்து, குடியை விடுகிற சிகிச்சைக்குப் போனால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார். அவன் இன்னும் போகவில்லை. தங்கச்சி இப்போது அம்மா வீட்டிலிருந்து கொழுந்து பறிக்கப் போய்வருகிறாள்.