நாவப்பழ ஜூஸ் மிஷினுக்கு பேட்டன்ட் (காப்புரிமை) வாங்க முடியுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கண்மாய்க்கரை_புதுவயல்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு புதுவயல் பக்கம் கண்மாய்க் கரைய ஒட்டி பத்துப் பன்னெண்டு நாவ மரம் இருக்கு. ஆனி ஆடியில பழம் கொட்டும், பாதி தரையிலயே நசுங்கிப் போயிரும், மிச்சத்த காரைக்குடிக்கு கொண்டுபோனா அன்னிக்கே வித்தாகணும், மறுநாள் நீர் விட்ரும். அதான் மூணு வருஷமா ஜூஸ் போட்டுப் பாக்குறேன். மிக்ஸியில அடிச்சா கொட்டை உடைஞ்சு ஒரே தொவர்ப்பு, நாக்கே மரத்துப்போகுது, கையால பிசைஞ்சா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிலோ தாண்டல. கலர் வேற தனிப் பாடு. மொத வருஷம் இரும்பு டிரம்ல ஊத்தி வச்சேன், விடிஞ்சு பாத்தா கருநீலமா மை மாதிரி நிக்குது, அம்புட்டையும் கீழதான் கொட்டுனேன், அப்புறம் எல்லாம் ஸ்டீலுக்கு மாத்தியாச்சு.

கொட்டைக்காக நானே ஒரு மிஷின் பண்ணிருக்கேன். ஓட்டை போட்ட ஸ்டீல் உருளை, உள்ள நைலான் பிரஷ் சுத்தும், சதை சல்லடை வழியா வழியும், கொட்டை கடைசியில தனியா வந்து விழும். பழம் சின்னதும் பெருசுமா கலந்துதான் வரும், அதனால ஒவ்வொரு பிரஷ்ஷையும் தனித்தனி ஸ்பிரிங்ல மாட்டிருக்கேன், பெரிய கொட்டை வந்தா அந்த ஒரு பிரஷ் மட்டும் பின்வாங்கும். எங்க ஊரு ரைஸ் மில்லுல ரப்பர் ரோல் நெல்லு உமிய உரிக்கிறத பாத்துப் பாத்துதான் இந்த யோசனையே வந்துச்சு. இப்ப 100 கிலோ ஓட்டுனா உடைஞ்ச கொட்டை ஒரு கைப்பிடி கூட தேறாது.

ஒரு கன்சல்டன்ட் 75 ஆயிரம் குடுங்க, ஜூஸ் பக்குவம், மிஷின், பேரு மூணுக்கும் சேத்து பேட்டன்ட் வாங்கித் தர்றேங்கிறார். பக்குவம் எங்க ஆச்சியோடது, பனங்கல்கண்டு சுக்கு எலுமிச்சை சேக்குறது. பணத்தக் குடுக்கலாமா?

தேவகோட்டை_டூ_கிண்டி:
அண்ணே குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. நான் சென்னையில பேட்டன்ட் டிராப்டிங் வேலைதான் பாக்குறேன். பேருக்கு பேட்டன்ட்னு ஒண்ணு கிடையாது, அது டிரேட்மார்க், வேற சட்டம், வேற அப்ளிகேஷன். ஆச்சி பக்குவத்துக்கும் கிடைக்காது. நம்ம சட்டத்துல மூணாம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தெரிஞ்ச பொருள்கள சும்மா கலந்தா அது கண்டுபிடிப்பு இல்ல, பரம்பரையா வர்ற அறிவும் கண்டுபிடிப்பு இல்லன்னு அதுல தெளிவா போட்டிருக்கு. அது நமக்கு நல்லதுதான். காயத்துக்கு மஞ்சள் வைக்கிறதுக்கு 1995ல அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழகத்துக்கு பேட்டன்ட் குடுத்துட்டாங்க, நம்ம மத்திய அரசோட ஆராய்ச்சி அமைப்பு சிஎஸ்ஐஆர் பழைய நூலெல்லாம் எடுத்துக் காட்டி 1997ல அத ரத்து பண்ண வச்சாங்க. நம்ம காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையம் அதே சிஎஸ்ஐஆரோடதுதான். பாட்டி வைத்தியம் யாருக்கும் தனிச்சொத்து ஆகக்கூடாதுன்னா நம்ம ஆச்சி பக்குவமும் அதுல சேத்திதான்.

மிஷின் கதை வேற. பிரஷ் பல்ப்பர், அதாவது பிரஷ் வச்சு சதையப் பிரிக்கிற மிஷின், ரொம்பப் பழைய சங்கதி, மாம்பழத்துக்கும் தக்காளிக்கும் உலகம் பூரா ஓடுது, அதுக்கு உரிமை கேட்டா நிக்காது. ரைஸ் மில் ரோல்லயும் ஸ்பிரிங் அழுத்தம் உண்டு, அப்ளிகேஷன பரிசீலிக்கிற எக்ஸாமினர் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, இதச் சேக்குறதுல என்ன புதுசுன்னுதான் கேப்பார். உங்க பதில் ஒவ்வொரு பிரஷ்ஷும் தனியா பின்வாங்குதே அந்த இடத்துலதான் இருக்கு. ஒரே ஸ்பிரிங்னா ஒரு பெரிய கொட்டைக்கு மொத்த பிரஷ்ஷும் விலகி பக்கத்துல இருக்குற சின்னப் பழம் சதையோட தப்பிச்சிரும், உங்களுதுல அப்படி ஆகாது. ரெண்டு மாதிரியும் ஓட்டிப் பாத்து எவ்வளவு ஜூஸ், எத்தனை கொட்டை உடைஞ்சுதுன்னு எடை போட்டு நோட்டுல தேதியோட எழுதுங்க. மொதல்ல பேட்டன்ட் ஆபீஸ் இணையதளத்துல காசில்லாம தேடிப் பாருங்க. அப்புறம் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக அப்ளிகேஷன் போடுங்க, தனிநபருக்கு ஆன்லைன்ல 1,600 ரூபாதான், முழு விவரமும் எழுதித் தர்ற ஸ்பெசிபிகேஷனுக்கு 12 மாசம் டைம் இருக்கு. பரிசீலனைக்கு தனியா 4,000. கிளெய்ம், அதாவது எதுக்கு உரிமை கேக்குறோங்கிற வாசகம், எழுதுறப்போ மட்டும் நல்ல பேட்டன்ட் ஏஜென்ட்டுக்கு செலவு பண்ணுங்க, அதுல ஒரு வார்த்தை பிசகுனா வேலி போட்ட இடத்துலயே ஓட்டை விழுந்த மாதிரி.

பள்ளத்தூர்_வளவு:
தம்பி, அந்த மிஷின இப்ப யாருக்கும் காட்டாதீங்க. நான் நார்த்தங்காய் ஜூஸ் போட்டவ. பிழிஞ்ச ஒடனே குடிச்சா தேனா இருக்கும், ராத்திரி தாண்டுனா கசக்கும், சதையில இருக்குற ஒரு சத்து புளிப்புல கிடந்து கிடந்து கசப்பா மாறுதுன்னு பின்னாலதான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு ஒரு வடிகட்டி பண்ணி கண்காட்சியில கழட்டிக் கழட்டி எல்லாருக்கும் வெளக்கம் சொன்னேன். அடுத்த வருஷமே அதே கண்காட்சியில வேற ஒருத்தர் ஸ்டால்ல அதே வடிகட்டி. பைல் பண்ணலாம்னு போனா நீங்கதான் ஏற்கனவே ஊருக்கே காட்டிட்டீங்களேம்மான்னுட்டாங்க. சென்ட்ரல் கவர்மென்ட் அறிவிச்ச கண்காட்சின்னாதான் காட்டுன பின்னாலயும் 12 மாசத்துக்குள்ள பைல் பண்ற சலுகையாம். இன்னிக்கும் நெனச்சா வயிறு எரியுது.

கொத்தமங்கலம்77:
எனக்கு வேற கருத்து. அப்ளிகேஷன் போட்ட 18 மாசத்துல படத்தோட வெளியிட்ருவாங்க, எந்தப் பட்டறைக்காரனும் பாத்து செய்யலாம், கேஸ் நடத்த நமக்கு தெம்பு இருக்கா? மூணாவது வருஷத்துலேர்ந்து ரினீவல் பீஸ் வேற. ப்ளோரிடாவுல ஆரஞ்சு ஜூஸ காய்ச்சி சுண்ட வச்சா மணம் போயிருதுன்னு, அளவுக்கு மேல சுண்ட வச்சுட்டு கொஞ்சம் புது ஜூஸ கலந்து மணத்தக் கொண்டு வர்ற வழிய மூணு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சாங்க, 1948ல பேட்டன்ட் கிடைச்சுச்சு, அத அவங்க அரசாங்கம் பேர்லயே எழுதி வச்சுட்டாங்க. அந்த ஊர் ஆரஞ்சுத் தோட்டக்காரங்க மொத்தப் பேரும் பொழைச்சாங்க. நம்ம பக்கம் நாவ மரம் உள்ளவங்க எத்தனை பேரு இருக்காங்க, யோசிங்க.

தேவகோட்டை_டூ_கிண்டி:
அண்ணே அந்தக் கதையிலயும் மொதல்ல பேட்டன்ட் வாங்குனாங்க, அப்புறம்தான் குடுத்தாங்க. கையில இருந்தாத்தானே குடுக்க முடியும். வாங்கி வச்சுக்கிட்டு அக்கம்பக்கத்து ஊருக்கு காசு வாங்காம செய்ய விடலாம், பெரிய கம்பெனி வந்தா ராயல்டி கேக்கலாம், 20 வருஷம் அது உங்க இஷ்டம்.

கண்மாய்க்கரை_புதுவயல்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னத படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா போன ஆடியில பங்காளி குரூப்புல மிஷின் ஓடுற வீடியோ ஒண்ணு போட்டேன். இப்ப நாலு தடவ ஓட்டிப் பாத்துட்டேன், மூடி போட்ட உருளையும் கொட்டை விழுறதும்தான் தெரியுது, ஸ்பிரிங் தெரியல. இங்கயும் ஸ்பிரிங் பத்தி எழுதிட்டேனே, இது வம்பாகுமா?

தேவகோட்டை_டூ_கிண்டி:
ஆகும்ணே, இதுவும் வெளியீடுதான். இந்த குரூப் அட்மின்கிட்ட சொல்லி இந்தத் திரிய இப்பவே எடுக்கச் சொல்றேன், ஆனா யாரும் படிச்சிருந்தா படிச்சதுதான், அத ஏஜென்ட்கிட்ட மறைக்காம சொல்லிருங்க. ஸ்பிரிங் எப்படி மாட்டிருக்கு, எந்தக் கோணம், எவ்வளவு இழுவை, அதெல்லாம் நீங்க இன்னும் எழுதல. அந்த விவரம்தான் மிச்சம் இருக்கு, அத இன்னிக்கு ராத்திரியே படம் போட்டு எனக்கு தனியா அனுப்புங்க, இந்த வாரமே ப்ரொவிஷனல் போட்ருவோம்.