வாங்காமல் இரவல் எடுக்கும் கடைகள்: உங்கள் ஊர் அனுபவம் என்ன?

தென் லண்டன்வாசி:

லண்டனில் வாடகை வீட்டைக் காலி செய்பவர்களுக்குக் கார்பெட்தான் பெரிய கவலை. குழந்தை கொட்டிய பால், சாம்பார்க் கறை, மழைக்காலச் செருப்பு மண் என எதைக் கண்டாலும் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கழுவும் இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம் என்றால் காசு ஒரு பக்கம், இடம் இன்னொரு பக்கம். இரண்டு அறை வீட்டில் அதை எங்கே நிறுத்துவது?

பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்கள் தென் லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் பகுதியில் இருந்த, பொருட்களை இரவல் தரும் 'லைப்ரரி ஆஃப் திங்ஸ்' கடையைச் சொன்னார். அப்பர் நார்வுட் நூலகக் கட்டிடத்திலேயே அது இருந்தது. 2014இல் மேற்கு நார்வுட்டில் சில இளம்பெண்கள் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி அது. பெர்லினில் 2012இல் தொடங்கிய 'லெய்லா' என்ற இரவல் கடையைப் பார்த்துத்தான் அவர்களுக்கு இந்த எண்ணமே வந்ததாம். லெய்லாவில் உறுப்பினராக வேண்டுமென்றால் நம் வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல பொருள் ஒன்றைக் கொடுக்க வேண்டும். லண்டனில் அப்படியில்லை. இணையத்தில் பதிவு செய்து, நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். துளைபோடும் இயந்திரம், தையல் இயந்திரம், கூடாரம், புரொஜெக்டர், வேலிச்செடி வெட்டும் கருவி எல்லாம் இருந்தன. ஆனால் அதிகம் பேர் கேட்டுவந்தது கார்பெட் கழுவும் இயந்திரத்தைத்தான். இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

விலை குறைவு என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அங்கிருந்த தன்னார்வலப் பெண் காட்டிய அக்கறை. இயந்திரத்தைக் கையில் திணித்து அனுப்பிவிடவில்லை. சோப்பு நீர் எவ்வளவு ஊற்ற வேண்டும், இழுக்கும்போது எவ்வளவு மெதுவாக இழுத்தால் ஈரம் தங்காது, அழுக்குத் தண்ணீர்த் தொட்டியை எப்போது கொட்ட வேண்டும் என்று நிதானமாகச் செய்து காட்டினார். கம்பளி கார்பெட்டா என்றும் கேட்டார், அப்படியானால் வெந்நீர் ஆகாதாம். திருப்பிக் கொடுத்தபோது தூரிகையில் சிக்கியிருந்த முடியை அவரே எடுத்துவிட்டு அடுத்தவருக்காகத் தயார் செய்தார். கடை அந்தக் கவனிப்பில்தான் நிற்கிறது. அது இல்லாவிட்டால் நாலே மாதத்தில் எல்லாம் ஓட்டை உடைசல் ஆகிவிடும்.

பின்னாளில் வேறு இடங்களில் பூட்டுப்பெட்டி வைத்தார்கள். கைபேசியில் எண் வரும், கதவு திறக்கும், எடுத்துக்கொண்டு போகலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டுப்பெட்டி 'கம்பளியா?' என்று கேட்காதே! எனக்கு அந்தப் பெண் இருந்த கடையே பிடித்திருந்தது.

பெர்க்லி மதுரைக்காரன்:

அண்ணா சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பொது நூலகத்தின் தென் கிளையில் கருவிகளை இரவல் தரும் பிரிவு இருக்கிறது. 1979இல் 30,000 டாலர் மானியத்தில், ஒரு டிரெய்லர் வண்டியில் தொடங்கியது. தென் பெர்க்லியில் வசதி குறைந்தவர்கள் தங்கள் பழைய மரவீடுகளைத் தாங்களே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்றும் கட்டணம் கிடையாது. ஊர்க்காரர் என்பதற்கு ஆதாரமும் நூலக அட்டையும் போதும். தவணை தாண்டினால் மட்டும் அபராதம்.

அலமாரி மாட்டத் துளைபோடும் இயந்திரம் கேட்டுப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் முதலில் கேட்டது, 'உங்கள் சுவர் எந்தக் காலத்துச் சுவர்?' என்றுதான். இங்குள்ள பழைய வீடுகளில் மெல்லிய மரப்பட்டிகளை வரிசையாக அடித்து அதன் மேல் சாந்து பூசியிருப்பார்கள். கண்ட இடத்தில் துளைத்தால் சாந்து பொலபொலவென்று உதிரும். உள்ளே மரச்சட்டம் எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியையும், அதற்கேற்ற துளையூசியையும் சேர்த்துக் கொடுத்தார். கடையில் வாங்கியிருந்தால் இயந்திரம் மட்டும்தான் வந்திருக்கும். அலமாரி இன்றும் அசையாமல் நிற்கிறது.

இணுவில் பெண், ரொறன்ரோ:

பூட்டுப்பெட்டியைப் பற்றி எனக்கு வேறு கருத்து. இரவு வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பகல் பத்து மணிக்குத் திறந்து மாலை மூடுகிற கடை எட்டாது. ஆள் இருப்பது நல்லதுதான், ஆனால் அந்த ஆள் இருக்கிற நேரத்தில் நாங்கள் உறக்கத்தில் இருப்போம். இரண்டும் வேண்டும்.

ரொறன்ரோவில் 2013இலேயே பார்க்டேலில் கருவி நூலகம் வந்துவிட்டது. ஆண்டுச் சந்தா கட்டினால் வாள், ஏணி, சுத்தியல் எடுக்கலாம் என்று வேலைத்தலத்தில் ஒருவர் சொன்னபோது என்னோடு இருந்தவர்கள் வியந்தார்கள். எனக்கு யாழ்ப்பாணத்து இணுவிலில், ஊர்மக்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சனசமூக நிலையம்தான் நினைவுக்கு வந்தது. கதிரைகள் (நாற்காலிகள்), கிடாரம் என்னும் பெரிய சமையல் பாத்திரம், பெரிய அகப்பைகள், கூடாரத் துணி எல்லாம் அதன் பின்னறையில் இருந்தன. கல்யாண வீட்டுக்குச் சிறு தொகை வாங்குவார்கள். செத்த வீட்டுக்கு வாங்குவதில்லை. யாரும் போய்க் கேட்பதற்கு முன்பே இளைஞர்கள் கதிரைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அப்பா மறைந்த அன்று முற்றத்தில் வரிசையாக விரிந்த அந்தக் கதிரைகளை நான் மறக்கவில்லை. எட்டாம் நாள் முடிந்ததும் பொறுப்பாளர் கொப்பியும் கையுமாக வந்தார். ஓர் அகப்பை குறைந்தாலும் விடமாட்டார், அதற்காக ஒருவரும் கோபித்ததுமில்லை. அடுத்த வீட்டுக்கும் அது போக வேண்டுமே.

ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இத்தனை தமிழர்கள் இருக்கிறோம். நூறு பேருக்குச் சமைக்கும் கிடாரமும் பெரிய இடியப்பச் சட்டியும் எத்தனை வீட்டு நிலவறைகளில் ஆண்டுக்கு ஒரு தடவை வெளிச்சம் பார்ப்பதற்காகக் காத்துக் கிடக்கின்றன! நாங்கள் சில பெண்கள் சேர்ந்து பேசியிருக்கிறோம். பொருள் தரப் பலர் ஆயத்தம். வைக்க ஒரு அறையும் கிடைத்துவிடும்போல் இருக்கிறது. திறப்பை (சாவியை) வைத்திருந்து, கொப்பி எழுதி, வருகிற கிடாரத்தில் அடிப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கத்தான் ஆள் இல்லை. சனி காலையிலும், வார நாளில் ஓர் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வரக்கூடியவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.