டூட்டூவோடு ஊர் சுற்றுபவர்கள்: யாழ்ப்பாணத்தில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்

இணுவில், பரதம் பழக்குபவர்:

பாலே ஆடுபவர்களை நம்முடைய ஊரில் நேரில் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் நீளும்.

பக்கத்து வளவு அன்ரியின் பேத்தி பாரிஸில் பிறந்து வளர்ந்தவள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாலே சொல்லிக்கொடுக்கிறாள். நல்லூர்த் திருவிழாவுக்கு என்று தாய் தகப்பனோடு வந்திருந்தாள். வான் வண்டியிலிருந்து பெட்டிகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, பெரிய வட்டப் பை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினாள். உள்ளே டூட்டூ, பாலே ஆடுபவர்கள் கட்டுகிற, பல அடுக்கு வலை வைத்துத் தைத்த விறைப்பான குட்டைப் பாவாடை. மடிக்கவும் கூடாது, மேலே பாரம் வைக்கவும் கூடாது என்பதால் அதற்கென்றே தைத்த பை. எந்த ஊருக்குப் போனாலும் அதைக் கொண்டுபோவாளாம், போன இடத்தில் மனதுக்குப் பிடித்த ஒரு மூலையைத் தேடி, கட்டிக்கொண்டு ஐந்து நிமிஷமாவது ஆடுவாளாம். படம் எடுக்க ஆள் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் ஆடுவாள். அந்த ஆசை எனக்கு உடனே பிடித்துப்போனது.

இங்கே எங்கே ஆடலாம் என்று என்னைக் கேட்டாள். கோயில் வீதி வேண்டாம் என்று நான் சொல்ல முதலே அவளே சொல்லிவிட்டாள், சனம் கும்பிட வருகிற இடத்தில் தன் விளையாட்டு கூடாது என்று. நான் மணற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வடமராட்சி கிழக்கில் அந்த மணல் மேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும். அதற்கு நன்றாகத் தள்ளி ஒரு மேட்டில் ஏறினோம். வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது என்பதால் விடியவே வெளிக்கிட்டது. மணலில் நுனிக்கால் சப்பாத்து உதவாது, வெறுங்காலோடுதான் ஆடினாள். சோளகக் காற்று பிடித்தால் டூட்டூ ஒரு பக்கம் அப்படியே எழும்பும், அவள் அதோடு மல்லுக்கட்டவில்லை, காற்று வருகிற பக்கத்தைப் பார்த்து நின்று, அது தூக்குகிற நேரத்துக்கே சுழன்றாள். இவ்வளவு காலம் மேடையில் ஆடியும் காற்றைத் தாளமாக எடுக்கலாம் என்று நான் யோசித்ததே இல்லை.

பிறகு என் வகுப்பு மண்டபத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தோம். நான் முழங்காலை மடித்து அரைவாசி இறங்கி நிற்கிற அரைமண்டியில் இருந்தேன், அவள் பாலேயில் அதே மாதிரி முழங்கால் மடித்து இறங்குகிற பிளியே செய்தாள். இரண்டிலும் கால் இடுப்பிலிருந்து வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், முழங்கால் பாதத்தின் நேருக்கே போக வேண்டும். பாதத்தை மட்டும் திருப்பி ஏமாற்றினால் இரண்டிலுமே முழங்கால் போய்விடும். ஆனால் நாங்கள் அந்த இருப்பிலேயே நின்று தரையைத் தட்டுகிறோம், அவர்களுக்கு அது மேலே எழும்பப் போகிற வழி. என் சீமெந்துத் தரையில் அவள் பாயவே மறுத்துவிட்டாள். பாலேக்குக் கீழே கொஞ்சம் வளைந்து கொடுக்கிற பலகைத் தரை வேண்டும், இல்லாவிட்டால் அடி முழுக்க எலும்புக்கும் மூட்டுக்கும் போகும் என்றாள். எங்கள் பிள்ளைகளுக்கும் எலும்பு அதே எலும்புதானே, எனக்கும் பலகைத் தரை போட வேண்டும் என்கிற எண்ணம் அன்று பிடித்ததுதான்.

இன்னொன்று. மண்டபத்தில் நடராசர் முன்னால் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. டூட்டூவோடு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டபோதுதான் எம்மா லிவ்ரி என்ற பாலே நடனக்காரியைப் பற்றிச் சொன்னாள். 1862இல் பாரிஸில் ஒத்திகை நடந்தபோது மேடை வாயு விளக்கிலிருந்து அவர் பாவாடையில் தீப்பிடித்திருக்கிறது, அடுத்த ஆண்டு அந்தக் காயத்தாலேயே இறந்துபோனார், இருபது இருபத்தொரு வயதுப் பிள்ளை. அதற்குப் பிறகு நான் எழும்பிப் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

நல்லூர், நாட்டிய உடை தைப்பவர்:

என்னிடம் டூட்டூவே திருத்தத்துக்கு வந்தது! ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு பிள்ளை பண்ணைப் பக்கம் படம் எடுக்கப் போய், வடலிக் கருக்கில் மாட்டிக் கீழ் அடுக்குகள் கிழிந்துவிட்டன. அழுகிற நிலையில் கொண்டுவந்தாள். பரத உடை எத்தனையோ தைத்திருக்கிறேன், விசிறி மடிப்புக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன், ஆனால் இதை மேசையில் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தபோது அரை மணித்தியாலம் கை வைக்கவில்லை. பத்துக்கு மேற்பட்ட வலை அடுக்குகள், கீழே ஆகக் குட்டை, மேலே போகப் போக நீளம், கீழ் அடுக்குகள்தான் மேல் அடுக்கைத் தாங்குகின்றன. நடுவில் ஒரு அடுக்கில் மெல்லிய கம்பி வளையம். அடுக்குகளை ஒன்றோடொன்று கையால் தொடுத்திருந்தார்கள், அதுவும் நூலை இறுக்காமல் தளர விட்டு. இறுக்கினால் வலை கட்டி கட்டியாக இழுபடும், ஆடும்போது அசைவு வராது.

வலைத் துணிக்கு எங்கே போகிறது? குருநகர், பாசையூர்ப் பிள்ளைகளின் முதல் நன்மைச் சட்டைக்கு விற்கிற நெட் இருக்கிறதே, அதில் விறைப்பானதாகப் பார்த்து எடுத்தேன். வெள்ளை கொஞ்சம் வித்தியாசம், கீழ் அடுக்கு என்பதால் தெரியவில்லை. கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். தைத்ததற்குக் காசு வாங்கினேன், ஆனால் அந்தச் சுற்றை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஒரு விஷயம்: எங்கள் ஊர் ஈரக் காற்றில் நெட் தொய்ந்துவிடும். கவிழ்த்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு வையுங்கள், கொண்டுவருகிறவர்களுக்கும் சொல்லுங்கள்.

புங்குடுதீவு, தீவில் படிப்பிக்கும் ஆசிரியர்:

நான் கண்டது வெள்ளைக்கார அம்மா ஒருவர், வயது அறுபதுக்கு மேல். குறிகட்டுவானில் நெடுந்தீவுக்குப் போகிற குமுதினிப் படகுக்கு நின்றபோது, நீளக் காற்சட்டைக்கு மேலே இளஞ்சிவப்பு டூட்டூவைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். சனம் பார்த்தது, சிரித்தது, அவரும் சிரித்தார். படகில் கடல் தெறித்தபோது ஒரு அம்மா தன் குடையை விரித்து அவர் பாவாடைக்குப் பிடித்தார், தனக்கு மேலே குடை பிடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்தேன். இளமையில் பாலே ஆடினவராம், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பாய்ச்சல் எல்லாம் நின்றுவிட்டது, கை இருக்கிறதே என்றார். நெடுந்தீவில் குதிரைகள் மேய்கிற வெளிக்கு அவரோடு போனேன். பவளக்கல் மதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, கைகளால் மட்டும் ஆடினார், தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும். குதிரைகள் முதலில் வெருண்டு தள்ளிப் போயின, பிறகு அப்படியே நின்று பார்த்தன. எனக்கு நடனம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் திரும்புகிற படகு போய்விடப் பார்த்தது.

ஒரு கேள்வி. இந்தச் சின்னப் பாவாடை ஏன் அப்படித் தட்டையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள். நம்முடைய கலை இருக்க இது எதற்கு என்று ஒரு தகப்பனும் கேட்டார்.

இணுவில்:

சேர், முதல் கேள்விக்கு: கால் தெரியத்தான். 1832இல் பாரிஸில் மரி தாலியோனி லா சில்ஃபீட் என்ற பாலேயில் நுனிக்காலில் நின்று ஆடியபோது கட்டியது முழங்காலுக்குக் கீழே வருகிற, மணி வடிவப் பாவாடை. அதிலேயே பாதமும் கணுக்காலும் வடிவாகத் தெரியும். அந்த நூற்றாண்டு முடிய முடியக் கால்வேலை கடினமாகிக்கொண்டு போனது, பாவாடையும் அதோடு குறுகிக்கொண்டு போனது. 1895இல் பீட்டர்ஸ்பேர்க்கில் பியரினா லெஞ்ஞானி ஸ்வான் லேக் என்ற பாலேயில் ஒற்றைக் காலில் 32 சுற்றுச் சுற்றினார். கால் மறைந்திருந்தால் அந்தக் கால்வேலை தெரிந்திருக்குமா? எங்கள் விசிறி மடிப்பும் அரைமண்டியின் விரிவைக் காட்டத்தானே நிற்கிறது, அதே புத்திதான்.

அந்தத் தகப்பனுக்கு: ருக்மிணி தேவியை எடுத்துச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை பேர் போய்ப் படித்த, சென்னையில் இருக்கிற கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை 1936இல் தொடங்கியவர். அவர் முதலில் காதலித்தது பாலேயை. ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தில் மயங்கி, பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பழகினார். உன் நாட்டுக் கலையையும் தேடிப் பார் என்று சொன்னதே பாவ்லோவாதான். அதற்குப் பிறகுதான் பரதத்தின் பழைய வடிவமான சதிர் பழகி 1935இல் அடையாறில் மேடை ஏறினார். அந்த ஆசை இல்லாமல் இருந்தால் நான் இன்று பழக்குகிற அடவுகள் என் கைக்கு எந்த வழியால் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே பிள்ளை பாலேயை விரும்பினால் தடுக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. நுனிக்கால் சப்பாத்தை மட்டும் அவசரப்பட்டு வாங்கிக்கொடுக்காதீர்கள். அதன் முனை துணியும் கடதாசியும் பசையும் வைத்து இறுக்கியது, அதன்மேல் முழு உடம்பும் நிற்கும். பதினொரு பன்னிரண்டு வயதுக்கு முன், அதுவும் சில ஆண்டுகள் ஒழுங்காகப் பழகாமல், அதில் ஏற்றுவது கால் எலும்புக்கு ஆபத்து.

நல்லூர் அக்கா, நீங்கள் முதல் நன்மை நெட் என்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் விடுகிறார்கள் இல்லை. முழு டூட்டூ வேண்டாம், தாலியோனி கட்டிய மாதிரி நீளமாக, மூன்று நான்கு அடுக்குப் போதும். எத்தனை மீற்றர் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், சனிக்கிழமை வகுப்பு முடியக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.