பாவக்கா பந்தல்ல பொறி தொங்குது, ஈ விழல, பிஞ்சுதான் விழுது

பந்தல்காரன்:
ஒட்டன்சத்திரம் பக்கம் 50 சென்ட் பாவக்கா. மூணு பறிப்பு ஆச்சு. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் ஒரு பக்கமா வளைஞ்சு, மஞ்சளாகிக் கொட்டுது. பிச்சுப் பார்த்தா உள்ள வெள்ளைப் புழு. கையில எடுத்தா சுருண்டு எகிறிக் குதிக்குது. ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு. பழ ஈ பொறி 5 வாங்கி நாலை பந்தல்ல கட்டினேன். பத்து நாள்ல ஒண்ணு ரெண்டு ஈதான். மிச்சமிருந்த ஒண்ணைச் சும்மா வாசல் மாமரத்துல மாட்டினேன், அதுல கொத்துக் கொத்தா கிடக்கு! என்ன கூத்து இது? நேத்து மூணு மூட்டையில ஒண்ணை அப்படியே கழிச்சுட்டாங்க.

புடலைத்தோட்டம்:
அண்ணா, உங்க மாமரமே பதில் சொல்லிருச்சு. உங்க பொறியில இருக்கிறது மா ஈக்கான மெத்தில் யூஜினால் கட்டை, அதாவது ஈயை இழுக்கிற வாசனை மருந்து ஊறின மரத்துண்டு. பாவக்கா, புடலை, பீர்க்கனைக் குத்துற ஈ வேற ஜாதி, அதுக்கு கியூ லூர்னு கேட்டு வாங்கணும். டப்பா ஒண்ணுதான், கட்டைதான் வேற. எதுல விழுந்தாலும் ஆண் ஈதான் விழும். பொட்டை ஈ தோலைக் குத்தி உள்ள முட்டை வச்சிருது, மேல அடிக்கிற மருந்து புழுவுக்கு எங்க எட்டும்?

பழைய விவசாயி:
நான் கருவாட்டுத்தூளை நனைச்சு, ஓட்டை போட்ட பாட்டில்ல கட்டுவேன். பொட்டை ஈயும் வரும். நாய்க்கு எட்டாம கட்டு, ஒருதரம் பாட்டிலோட இழுத்துட்டுப் போயிருச்சு. அது கிடக்கட்டும், கொட்டின பிஞ்சை எங்க போடுற தம்பி?

பந்தல்காரன்:
வரப்போரமா குப்பைக்குழியிலதாங்க.

பழைய விவசாயி:
அப்ப ஈயை வளர்க்கிறதே நீதான். புழு காயை விட்டு இறங்கி, மண்ணுல ரெண்டு அங்குலத்துக்குள்ள கூட்டுப்புழுவாகி, பத்து நாள் போல கிடந்து ஈயா எழும்பும். தினம் காலையில பொறுக்கு. கிழியாத பாலித்தீன் பையில போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வெயில்ல போடு, வெந்துரும். கொடியில குத்துப்பட்டு நிக்கிறதையும் பறிச்சிரு, பாவம் பார்க்காத. பந்தலுக்கு அடியில கொத்திவிட்டா கூட்டுப்புழு மேல வரும், வெயிலும் கோழியும் பார்த்துக்கும்.

பந்தல்காரன்:
கட்டையை மாத்தி ரெண்டு வாரம் ஆச்சுங்க. செம்பழுப்பு ஈ விழுது, மா ஈ மாதிரி கருப்பு இல்ல. கொட்டுறது பாதியாச்சு. கோழியையும் அவுத்துவிட்டேன், அது பந்தலை விட்டுட்டு வீட்டம்மா கீரைப்பாத்தியைக் கிளறி வச்சிருக்கு. அதனால அவங்ககிட்ட கருவாடு கேக்க நான் இன்னும் வாய் திறக்கல.