புதுப்பிப்பு: எக்மோ ரத்த ஓட்ட மாதிரியில் இரண்டு திருத்தங்கள்

எக்மோ என்பது இதயம், நுரையீரலின் வேலையை உடலுக்கு வெளியே செய்து ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் இயந்திரம். அந்த ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மாதிரியைப் போன பதிவில் போட்டேன். அதில் தொடைத் தமனி வழி ஏறும் எக்மோ ஓட்டத்தைக் கொந்தளிப்பில்லாத சீரோட்டமாக எடுத்து, மகாதமனிக் கிளைகள் எல்லாவற்றிலும் வெளியேறும் அழுத்தம் பூஜ்யம் என்று போட்டிருந்தேன். இரண்டும் தப்பு.

தமனிக்குள் செருகும் குழாய்தான் கேனுலா. 17 பிரெஞ்சு (3 பிரெஞ்சு = 1 மி.மீ.) கேனுலாவின் வெளிவிட்டம் 5.7 மி.மீ.; உள்விட்டத்தை 5 என்று வைத்தால், நிமிடத்துக்கு 4 லிட்டரில் வேகம் 3.4 மீ/விநாடி. ரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 1060 கிலோ, பாகுநிலை 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி போட்டால், ஓட்டம் சீரா கொந்தளிப்பா என்று காட்டும் ரேனால்ட்ஸ் எண் 5100 தாண்டும். அது கொந்தளிப்பு ஓட்டம். கேனுலா நுனியில் வலைக்கண் (கணக்குக்காக வெட்டும் சிறு கட்டம்) 0.3 மி.மீ. என்றால், ரத்தம் ஒரு படியில் ஒரு கண்ணைத் தாண்டாதிருக்க, காலப்படி 0.09 மில்லிவிநாடிக்குக் கீழே இருக்கட்டும்.

பூஜ்ய அழுத்தம்தான் பெரிய வில்லன். தோட்ட லயத்து வீடுகளின் குழாயில் இரு முனையிலிருந்தும் தண்ணீர் விட்டால், எங்கே மோதும் என்பதை நடுவிலுள்ள பைப்புகள்தான் முடிவு செய்யும். இங்கேயும் அப்படித்தான்: இதயத்திலிருந்து வருவதும் எக்மோவிலிருந்து ஏறுவதும் மோதும் எல்லை, கிளைகளின் தடையைப் பொறுத்தது. ஒவ்வொரு கிளைக்கும் மூன்றுறுப்பு விண்ட்கெசல் (இரண்டு தடை, ஒரு நெகிழ்வு கொண்ட ரத்தக்குழாய் மாதிரி) கொடுங்கள். நுரையீரல் கெட்டு, இதயம் மட்டும் தேறினால் எல்லை கீழே நகர்ந்து, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மூளைக்குப் போகும். வலக்கைக்கும் மூளையின் வலப்பக்கத்துக்கும் ரத்தம் மகாதமனியின் ஒரே முதல் கிளையிலிருந்து போகிறது; வலக்கையில் ஆக்சிஜன் பார்ப்பது அதனால்தான்.

எத்தனை துடிப்பு ஓட்டிக் கணக்கிட வேண்டும் என்று பீடோர் ஊர்த் தம்பி கேட்டதற்கு: அழுத்தம் சில துடிப்புகளில் நிலைப்படும், கலவை எல்லைக்கு இன்னும் பல வேண்டும். சுங்கை சிப்புட் ஊரில் இடிமழைக்குக் கரண்டு போகும், கணக்கு பாதியில் நிற்கும். துடிப்புக்கு ஒருமுறை கோப்பைச் சேமித்துவிடுங்கள்.