மறு: பிளாக் ஹீட்டருக்குத் தமிழ்: ‘கணப்பு’ போதாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குளிர்நாடுகளில் கார் எஞ்சினைச் சூடாக வைக்கிற ‘பிளாக் ஹீட்டர்’ கருவிக்குத் தமிழில் ‘கணப்பு’ என்றால் போதாதா என்று வெள்ளிக்கிழமை ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் 23 மடல்கள். மார்கழி விடியலிலும் மின்விசிறியை நிறுத்தாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு, கார் குளிர்காய ஒரு சொல் தேடுகிறீர்களே என்று ஒருவர் சிரித்திருந்தார். நியாயமான சிரிப்புதான்.

கேள்வி வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் கனடாவில் சஸ்கட்டூன் நகரத்தில் இருக்கிறான். போன வாரம் வீடியோ காலில் வீட்டு வாசலைக் காட்டினான். பனிக்குள் நிற்கும் காரின் மூக்கிலிருந்து ஒரு ஒயர் தொங்குகிறது. அதன் நுனியில் மிக்ஸிக்கு இருப்பதுபோல் ஒரு பிளக். “ஏன்டா, கரண்ட் காரா வாங்கியிருக்கே?” என்று அக்கா கேட்டாள். “இல்லம்மா, பெட்ரோல் கார்தான். அது பிளாக் ஹீட்டர்” என்று சொல்லிவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அக்கா என் பக்கம் திரும்பினாள். பாலிடெக்னிக்கில் 26 ஆண்டுகள் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவன் நான். கால் மணி நேரம் விளக்கினேன். விளக்கம் முழுக்கத் தமிழில் வந்தது, பெயர் மட்டும் வரவில்லை.

அந்த விளக்கத்தைச் சுருக்கமாக இங்கும் சொல்கிறேன், ஏனென்றால் பல மடல்கள் கருவியைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதப்பட்டவை. மைனஸ் 20, மைனஸ் 30 என்று இறங்கும் ஊரில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற எஞ்சினில் ஆயில் பாகுபோல் இறுகிவிடும். பேட்டரிக்கும் பலம் போய்விடும். மைனஸ் 18-லேயே அது கொடுக்கக்கூடியது ஏறக்குறைய பாதிதான். பெட்ரோலும் சரியாக ஆவியாகாது. அதனால் எஞ்சினின் உடற்பகுதியான ‘பிளாக்’கில், சிலிண்டர்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அறைக்குள் ஒரு சின்ன மின்சுருளை வைக்கிறார்கள். பெரும்பாலும் 400 முதல் 1000 வாட், நம் இஸ்திரிப் பெட்டி அளவு. சூடான நீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், பம்ப் இல்லாமலே சுற்றிவரும். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். 500 வாட் என்றால் இரண்டே யூனிட். ராத்திரி முழுக்கப் போட்டு வைப்பது வீண் செலவு, அதற்காகவே டைமர் வைத்துக்கொள்கிறார்கள்.

ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் முதலெழுத்து. மதுரையில் எத்தனை பேர் அதை ‘வெயிட்’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! நானும் படிக்கிற காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சரி, மடல்களுக்கு வருகிறேன்.

> ‘உறைதடுப்பி’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். தண்ணீர் உறையாமல் தடுப்பது அதில் கலக்கிற கிளைக்கால். பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். உறைதடுப்பி என்ற பெயர் அந்தத் திரவத்துக்குத்தான் பொருந்தும். நம் கருவி உறைவதைத் தடுக்க வந்ததல்ல, கிளம்புவதைச் சுலபமாக்க வந்தது. இந்தக் குழப்பத்தில் ஆங்கிலத்துக்கும் பங்கு உண்டு. பல வண்டிகளில் இந்த ஹீட்டர், கோர் பிளக் என்கிற உலோக மூடி இருந்த ஓட்டையில்தான் உட்காரும். எஞ்சினை வார்க்கும்போது உள்ளே வைத்த மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டை அது. வட அமெரிக்காவிலோ அதை ‘ஃபிராஸ்ட் பிளக்’ என்கிறார்கள், தண்ணீர் உறைந்தால் பிதுங்கி எஞ்சினைக் காப்பாற்றவே வைத்ததுபோல. அவர்கள் தவறை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

> ‘எந்திரக் கட்டைச் சூடாக்கி’ — சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிறது.

சரியாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. மதுரையில் ‘கட்டை’ என்று சொல்லி, ‘சூடு’ என்றும் சொன்னால், கேட்பவர் நினைப்பு தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போய்விடும். ‘கட்டையிலே போறவனே’ என்று வசவு வாங்கி வளர்ந்தவர்கள் நாம். அதற்கும் மேலே, பிளாக்கை மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? கனடாவில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் ‘ஷோஃப்-ப்ளோக்’ என்று பிளாக்கை வைத்துக்கொண்டார்கள். குளிரை நம்மைவிட நன்றாக அறிந்த ஸ்வீடன்காரர்களோ ‘மோட்டார் வெதுப்பி’ என்ற பொருளில் ஒரு சொல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வடக்கு டகோட்டாவில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் காப்புரிமை பெற்ற முதல் வடிவம், சிலிண்டர் ஹெட்டின் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் மாட்டுவது. அதன் பெயரில் பிளாக்கே கிடையாது, ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’தான். இடத்தை வைத்துப் பெயரிட்டால் இடம் மாறும்போது பெயரும் பொய்யாகும்.

> சாதாரணமாக ‘சூடேற்றி’ அல்லது ‘முன்சூடேற்றி’ என்றால் என்ன?

இதற்குத்தான் அதிக ஆதரவு. எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது. ஆனால் கொடைக்கானலில் ஒரு தை மாத விடியலை நினைத்துப் பார்க்கிறேன். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றி இறக்கும் பழைய டீசல் ஜீப். டிரைவர் சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னண்ணே, செல்ஃப் எடுக்கலையா?” என்றேன். “ஹீட்டர் போட்டிருக்கேன் சார். லைட் அணைஞ்சதும் அடிக்கணும்” என்றார். அவர் ஹீட்டர் என்றது டீசல் எஞ்சினின் எரியறைக்குள் சில வினாடிகள் பழுக்கக் காயும் பிளக்கை. நாம் பேசுகிற கருவியோ மணிக்கணக்கில், மெதுவாக, வெளி மின்சாரத்தில் வேலை செய்வது. அப்புறம், காருக்குள் ஆட்களுக்குச் சூட்டுக்காற்று விடுவதற்கும் ஹீட்டர் என்றே பெயர். அனல்மின் நிலையத்தில் காற்றுக்கு ஒரு முன்சூடேற்றி இருக்கிறது. மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சீட்டில் நாலாவது ஆளை ஏன் நெருக்க வேண்டும்?

‘அடைகாப்பான்’ என்று எழுதிய தங்கைக்கு நல்ல கற்பனை. காரின் மேல் கோழி உட்கார்ந்திருப்பதை நினைத்து ரசித்தேன். ஆனால் முட்டை பொரிக்கிற கருவிக்கு அதை விட்டுவிடுவோம்.

> ‘தடவு’. நெடுநல்வாடையிலேயே இருக்கிறது. பாண்டியன் பாட்டு, நம்ம ஊர்ச் சொல்.

பேராசிரியர் ஐயாவின் இந்த மடலைப் படித்து எழுந்து நின்றேன். வாடைக்காலத்தில் யாரும் குளிர்ந்த நீரைத் தொடாமல், அகன்ற வாயுடைய தடவில், அதாவது நெருப்புச் சட்டியில், தீ மூட்டிக் காய்கிறார்கள் என்று நக்கீரர் சொல்கிற இடம் அது. பொருள் அச்சாகப் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் பட்டறைப் பையனிடம் ‘எஞ்சின் தடவு’ என்று சொல்லிப் பாருங்கள். துணியில் ஆயிலை நனைத்து எஞ்சினைத் தடவத் தொடங்கிவிடுவான். சங்கச் சொல்லை மீட்பதில் எனக்கு ஆசை உண்டு, ஆனால் அந்த ஒலியில் இன்னொரு சொல் இன்றைக்கு உயிரோடு நடமாடும்போது மீட்பு நடக்காது.

தடவின் பொருளை இன்று தாங்கி நிற்கிற சொல் ‘கணப்பு’. கொடைக்கானல் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பு இருக்கிறது. கணப்புச் சட்டி என்றால் அக்காவுக்குத் தெரிகிறது. காய்ச்சல் வந்தால் உடம்பு ‘கணகண’ன்னு இருக்கு என்கிறோமே, அந்தச் சூடும் காதில் சேர்ந்து விழுகிறது. கொதிக்க வைப்பதல்ல, குளிர் விடும்படி வைத்திருப்பது. கருவி செய்வதும் அதைத்தான்.

எட்மன்டனிலிருந்து எழுதிய நண்பர், கணப்பு என்றால் தீ நினைவு வருகிறது, காருக்கடியில் தீ ஆபத்தல்லவா என்கிறார். ஆபத்துதான். ஆனால் மின்சாரம் இல்லாத இடத்தில் லாரிக்காரர்கள் செய்ததும் செய்வதும் அதுவேதான். லடாக் பக்கம் டீசலில் மெழுகு திரண்டு நின்றுவிட்டால் டாங்குக்கு அடியில் அடுப்பை வைப்பார்கள். மைனஸ் 33 வரை இறுகாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்ததே 2019-இல்தான். ஆகவே தீயின் நினைவு சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கம்பியில் ஓடுகிற ‘விளக்கு’ம் எண்ணெயிலிருந்து வந்ததுதானே.

இனி வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். தனியாக அழகாக நிற்கிற எத்தனையோ சொற்கள் வாக்கியத்துக்குள் வந்ததும் நொண்டுகின்றன. “ராத்திரி கணப்புப் போட்டியா?” “கணப்பு ஒயரை எலி கடிச்சிருச்சு.” “இந்த வண்டியில எஞ்சின் கணப்பு கிடையாது, தனியா மாட்டணும்.” எனக்கு எங்கும் இடறவில்லை. ஆயில் தொட்டிக்கு அடியில் ஒட்டுகிற வகையை ஆயில் கணப்பு என்றும், பேட்டரியைச் சுற்றிப் போர்த்துவதை பேட்டரிப் போர்வை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கரண்ட் காருக்கு ஊட்டுவது மின்னூட்டம், பெட்ரோல் காருக்குப் போடுவது கணப்பு. அக்காவின் முதல் சந்தேகமும் அதோடு தீர்கிறது.

‘எஞ்சின்’ வேண்டாம், ‘பொறிக்கணப்பு’ என்று ஆக்குங்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். பொறி என்றால் எலிப்பொறியும் உண்டு, தீப்பொறியும் உண்டு. பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் பொறியும் கணப்பும் சேர்ந்து வரும் சொல்லை நான் முன்மொழிய மாட்டேன். எஞ்சின் இருக்கட்டும். அது மதுரை வீதியில் நூறு வருஷம் ஓடிய சொல்.

இலக்கணம் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொன் + குடம் பொற்குடம் ஆவதுபோல் ‘எஞ்சிற்கணப்பு’ என்று யாரும் புணர்த்த வேண்டாம். அப்படி எழுதினால் சித்திரை வெயிலில்கூட வண்டி கிளம்பாது.

ஞாயிற்றுக்கிழமை வரை மாற்றுக் கருத்துகள் வரட்டும். அக்காவிடம் சொல்லிவிட்டேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்கிறாள்.

அன்புடன்,
திருநகரிலிருந்து