சேலம்–கோவை சாலையில் லாரி ஓட்டத்தை மதிப்பிட எந்தத் தரவு நம்பகமானது?

(சரக்குக்கணக்கு, மைல்கல், அச்சுச்சுமை என்ற புனைபெயர்களில் மூவர் பேசுகிறார்கள்.)

சரக்குக்கணக்கு: தேசிய நெடுஞ்சாலை 544-இல் சேலம் முதல் கோவை வரை லாரிகள் ஆண்டுக்கு மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்று மதிப்பிட வேண்டும். வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் டோல்கேட்களின் ஃபாஸ்டேக் எண்ணிக்கை, இ-வே பில் (சரக்கு அனுப்ப எடுக்கும் மின்னணுச் சீட்டு) எண்ணிக்கை, வாகன் எனும் அரசுத் தரவுத்தளத்தின் வண்டிப் பதிவு விவரம் மூன்றும் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். எதை அடிப்படையாக எடுப்பது?

மைல்கல்: ஃபாஸ்டேக்தான். ஆனால் மூன்று டோல்கேட் எண்ணிக்கையையும் கூட்டிவிடாதீர்கள், முழு தூரம் போகும் லாரி மூன்று முறை விழும். சாலையைத் துண்டுகளாகப் பிரித்து, துண்டின் வாகன எண்ணிக்கையை அதன் நீளத்தால் பெருக்குங்கள். பவானி, பெருந்துறை, அவிநாசி பக்கம் வண்டிகள் ஏராளமாக ஏறி இறங்கும். அங்கெல்லாம் துண்டை வெட்டியாக வேண்டும். டோல்கேட் இல்லாத துண்டுக்குத் தனியாக எண்ணாமல் வழியில்லை.

இன்னொரு சிக்கல்: கட்டண வகையில் இரண்டு அச்சு லாரியும் பஸ்ஸும் ஒன்று. வண்டி எண் கிடைத்தால் வாகனோடு பொருத்திப் பிரிக்கலாம். வாகன் அதற்குத்தான் உதவும். பதிவு எண்ணிக்கையை ஓட்டமாகக் கொள்ள முடியாது. நாமக்கல்லில் பதிவான லாரி நாடு முழுக்க ஓடுகிறது.

அச்சுச்சுமை: இ-வே பில் எண்ணுவது சரக்கை, வண்டியை அல்ல. ஒரே லாரியில் பல பில்கள் போகும். காலி வண்டி திரும்புவது இ-வே பில்லில் பதியாது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால்தான் பில் கட்டாயம் என்பது பொது வரம்பு, தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம். பால், காய்கறி, டீசல் விலக்கு. தூரமும் பின்கோடு அடிப்படையில் வருவது, வண்டி உண்மையில் போன வழி அல்ல. எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சரக்குக்கணக்கு: ஜிபிஎஸ் தரவு வாங்கினால்?

மைல்கல்: வேகம், நிற்கும் இடம், மாற்றுவழி தெரியும். எண்ணிக்கைக்கு வேண்டாம் சார். பெரிய நிறுவன வண்டிகள் அதிகமாகவும், ஓரிரு லாரி வைத்திருப்பவர்கள் குறைவாகவும் இருப்பார்கள்.

அச்சுச்சுமை: எதை எடுத்தாலும் சாலையோரக் கணக்கெடுப்பால் சரிபாருங்கள். ஐஆர்சி 9 (இந்திய சாலை காங்கிரஸின் போக்குவரத்துக் கணக்கெடுப்பு வழிகாட்டி) சொல்வது தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும், ஆண்டுக்கு இரண்டு முறை: அறுவடைக் காலத்தில் ஒன்று, மந்தக் காலத்தில் ஒன்று. டோல்கேட்டை ஒட்டியே வீடியோ வைத்து, அதில் வந்த எண்ணிக்கையை அதே வார ஃபாஸ்டேக் எண்ணிக்கையால் வகைவாரியாக வகுத்தால் திருத்தக் காரணி வரும். ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் தனிக் காரணி வையுங்கள், சராசரி எடுத்தால் வித்தியாசம் மறைந்துவிடும். டோல்கேட்டைச் சுற்றிப் போகும் கிராமச் சாலையிலும் அதே வாரம் ஒரு கேமரா வேண்டும்.